செயலாளர் ஆஸ்பத்திரியில், குளத்து வேலை பாதியில்: பொதுக் காரியத்துக்கு எப்படிப்பட்ட தலைமை வேணும்?

குளத்துமேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவுல குளம் குட்டைகளைத் தூர்வார்ற ஒரு பதிவு பெற்ற சங்கத்துல செயற்குழு உறுப்பினரா இருக்கேன். ஊர்ப் பேரும் சங்கத்துப் பேரும் வேண்டாம்னு விடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க செயலாளர்தான் சங்கத்தை ஆரம்பிச்சவர். ரிட்டயர்டு வாத்தியார். விடிகாலையில வண்டியை எடுத்தார்னா பொழுது சாயற வரைக்கும் குளத்தங்கரைதான். சங்கக் காசுல ஒரு டீ குடிச்சதில்ல. வேலாமரம் மண்டிக் கிடந்த குளங்களை அவரோட பிடிவாதத்துலதான் மீட்டோம். பவானி ஆத்துத் தண்ணியைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டு வர்ற அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட்ல திறந்து வெச்சப்ப, எங்க குட்டை தண்ணியை வாங்கித் தேக்கற நிலைமையில இருந்ததுக்கும் அவர்தான் காரணம்.

அவருக்குப் பக்கவாதம் வந்துடுச்சுங்க. உயிருக்கு ஆபத்தில்ல. பேச்சு குழறுது, வலது கையைத் தூக்க முடியல.

அன்னைக்கே வேலை நின்னு போச்சு. மண் அள்ளற ஹிட்டாச்சி வண்டி குளத்துக்குள்ள நிக்குது, டிரைவருக்கு பேட்டா குடுக்க வழியில்ல. பேங்க்ல காசு இருக்கு, ஆனா செக்குல அவர் ஒருத்தர் கையெழுத்துதான் செல்லும். ஆன்லைன்ல அனுப்பலாம்னா ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகுது. அந்த போனைத் திறக்கற நம்பர் வீட்டம்மாவுக்கே தெரியாது. வண்டல் எடுக்க வட்டாட்சியர் குடுத்த அனுமதித் தாளைத் தேடாத இடமில்ல, கடைசியில வண்டிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நன்கொடை தர்றவங்க நம்பரெல்லாம் அதே போன்லதான். மழைக்கு முன்னால கரை கட்டி முடிக்கோணும். டிராக்டர் கொண்டுட்டு வந்த விவசாயிங்க வெறும் வண்டியோட திரும்பிப் போனாங்க.

இப்ப கமிட்டியில மூணு பேச்சு ஓடுது. ஒண்ணு, அவர் மகனையே செயலாளர் ஆக்கலாம், அதுதான் மரியாதைன்னு. இன்னொண்ணு, ஊருக்குள்ள செல்வாக்கான மில் ஓனர் ஒருத்தரைத் தலைவரா உக்கார வெச்சா பணத்துக்கும் பஞ்சமில்ல, ஆபீசர்களும் மதிப்பாங்கன்னு. மூணாவது, வாத்தியார் எழுந்து வர்ற வரைக்கும் பொறுத்திருப்போம்னு. உங்க ஊர் சங்கத்துல, ஊராட்சியில, டிரஸ்ட்ல இப்படி வந்தப்ப என்ன பண்ணினீங்க?

---

நொய்யல்வாசி

மில் ஓனரைப் போடுங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்தறவன், ஒரு பள்ளிக்கூட டிரஸ்ட்டுலயும் இருக்கேன். ரெண்டையும் பார்த்துட்டுத்தான் சொல்றேன். பொதுக் காரியம் பாழாப் போறது ஆள் இல்லாம இல்ல, முடிவெடுக்க ஆள் இல்லாம. பத்துப் பேர் உக்காந்து டீ குடிச்சுட்டு "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்"னு எழுந்து போவாங்க. மழை உங்க தீர்மானத்துக்குக் காத்திருக்காது.

கொங்கு நாட்டுல நிலைச்சு நின்ன பெரிய காரியம் எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, பின்னால ஒரு பிடிவாதக்காரர் இருப்பார். கீழ்பவானித் திட்டம் வரணும்னு எம்.ஏ. ஈஸ்வரன் விடாம நின்னார். 1955ல பவானிசாகர் அணை முடிஞ்சு இன்னைக்கு ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. பீளமேட்டுல நாலு அண்ணன் தம்பிங்க சொத்தை அஞ்சு பங்கு போட்டு, அஞ்சாவது பங்கை 1926ல தர்மத்துக்கு எழுதி வெச்சாங்க. 2,01,000 ரூபாய். பி.எஸ்.ஜி. அறநிலையம் அதுல பொறந்ததுதான். ஓடந்துறை ஊராட்சியில சண்முகம்னு ஒருத்தர் தலைவரா வரலைன்னா அங்க காத்தாலை வந்திருக்குமா? தொழில் பண்றவனுக்குக் காசோட அருமை தெரியும். மகனுக்குக் குடுக்கறது மட்டும் வேண்டாம், அவர் மனசுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

---

பழைய பி.டி.ஓ.

நண்பர் நொய்யல்வாசி ஓடந்துறையைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் பி.டி.ஓ.வாக (வட்டார வளர்ச்சி அலுவலராக) பணியில் இருந்த காலத்தில், வேறு ஒன்றியங்களில் இருந்து அந்த ஊராட்சியைப் பார்க்க அழைத்துச் சென்ற குழுக்களில் நானும் போயிருக்கிறேன்.

சண்முகம் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தார். 350 கிலோவாட் காற்றாலையின் விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி, ஆலையை நிறுத்தியது உடுமலைப்பேட்டை பக்கம், ஏனென்றால் காற்று அங்கே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊராட்சியின் தேவை போக மீதம் மின்வாரியத்துக்கு விற்பனை, அந்த வருமானத்தில் கடன் தவணை.

இதில் எல்லோரும் தலைவரின் துணிச்சலைப் பார்க்கிறார்கள். நான் பார்த்தது வேறு. வங்கி கடன் கொடுத்தது சண்முகத்துக்கு இல்லை, ஊராட்சிக்கு. ஒரு கிராம ஊராட்சியின் தீர்மானத்தையும் கணக்கையும் நம்பி வங்கி ஒரு கோடிக்கு மேல் கொடுத்தது என்றால், அதற்குப் பல வருடம் முன்பிருந்தே பதிவேடுகள் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். 40 லட்சம் சேமிப்பு ஒரே இரவில் சேராது. குடிநீர்க் கட்டணம், வீட்டு வரி என்று ஒவ்வொரு ரசீதாகச் சேர வேண்டும். பதவிக் காலம் முடிந்த பிறகும் ஆலை சுற்றியது, கடன் அடைந்தது.

கம்பெனியில் முதலாளி சொன்னால் சூப்பர்வைசர் செய்வார், செய்யாவிட்டால் மாற்றி விடலாம். அரசு அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை, நீக்கவும் முடியாது, சம்பளத்தைக் கூட்டவும் முடியாது. தன்னார்வச் சங்கத்தில் இன்னும் கடினம், வருகிறவர் சம்பளத்துக்கே வரவில்லை. அங்கே உத்தரவு செல்லாது. ஆகவே மில் ஓனரிடம் பணம் இருக்கிறதா என்பதை விட, அவர் ஒரு கூட்டத்தில் எதிர்ப்பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருப்பாரா என்று பாருங்கள்.

---

நொய்யல்வாசி

ஐயா, மதிப்போட சொல்றேன். நீங்க சொல்ற அந்த ஒழுங்கான பதிவேட்டை உண்டாக்கினதும் அதே தலைவர்தானே? ஆள் முக்கியமில்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

---

பழைய பி.டி.ஓ.

ஆள் முக்கியமில்லை என்று நான் எழுதவில்லை. ஆள் உண்டாக்கியது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் கேட்கிறேன்: பதிவேட்டிலா, அவர் போனிலா?

---

தாராபுரத்தாள்

நானும் ஒண்ணு சொல்லோணும். 2020 ஜனவரியில இருந்து 2025 ஜனவரி வரைக்கும் ஊராட்சித் தலைவரா இருந்தவ நான். பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கின ஊராட்சி. நாங்க அருந்ததியர். ஊரு தாராபுரம் பக்கம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

தலைமைன்னு நீங்க எல்லாரும் பேசறதுல ஒரு விசயம் விட்டுப் போச்சு. நாற்காலி குடுத்தாலும் அதிகாரம் கூடவே வராதுங்க. ஊராட்சிக் காசு எடுக்கோணும்னா தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடோணும். நல்ல சட்டம்தான், ஒருத்தரே எடுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னு வெச்சது. எங்க ஊர்ல அதையே கயிறா எடுத்து என்னைக் கட்டினாங்க. துணைத்தலைவர் எதையும் மறுத்துப் பேசமாட்டார். "பார்க்கலாம்மா, வெய்யிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவார், அவ்வளவுதான். மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்தற மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. ரீவைண்டிங் பண்ணின கடைக்காரர் காசுக்கு நடையா நடக்கறார். தூய்மைக் காவலர் பொண்ணுங்களுக்குச் சம்பளம் நிக்குது. ஊர்ல கேக்கறது யாரை? என்னைத்தான். "தெரியாத பொம்பளையை உக்கார வெச்சா இப்படித்தான்"னு பேச்சு.

பி.டி.ஓ. ஆபீசுக்கு எழுதினேன், கலெக்டர் மனுநாள்ல குடுத்தேன். விசாரிக்கறோம்னு சொன்னாங்க.

2021 அக்டோபர் 2 கிராம சபை வந்துச்சு. வழக்கமா வரவு செலவுக் கணக்கு இருக்கற படிவம் 30ஐ ஊராட்சிச் செயலர் கடகடன்னு படிச்சுட்டுப் போயிருவார், யாருக்கும் புரியாது. அன்னைக்கு நான் சொன்னேன், நானே படிக்கறேன்னு. பில்லு பில்லா எடுத்துப் படிச்சேன். இது மோட்டார் ரீவைண்டிங், இத்தனை ரூபாய், இந்தத் தேதி வேலை முடிஞ்சுது, என் கையெழுத்து இருக்கு, இன்னொரு கையெழுத்து இல்ல. இது மூணாவது வீதி குழாய், என் கையெழுத்து இருக்கு, இன்னொண்ணு இல்ல. இப்படியே அத்தனையும். யாரையும் பேர் சொல்லித் திட்டல. பற்றாளரா, அதாவது கூட்டத்தைக் கவனிக்க, வந்த ஆபீசர் எழுதிக்கிட்டே இருந்தார். பின்னால உக்காந்திருந்த எங்க காலனிப் பொண்ணுங்க இல்லைங்க, முன்வரிசையில இருந்த துணைத்தலைவரோட ஆளுங்க வீட்டுப் பொம்பளைங்கதான் முதல்ல கேட்டாங்க: "ஏனுங் மாமா, நீங்க ஏன் போடல? எங்க வீட்டுக்கும் தண்ணி வரலியே?"

கையெழுத்து வந்துச்சு. அதுக்கப்புறம் நின்னதே இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்தக் கயிறு தளர்ந்துச்சு.

அதுக்குப் பொறவு ரேசன் கடைச் செவுத்துல ஒரு கரும்பலகை வெச்சேன். எந்த வீதிக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணின்னு தொட்டி ஆபரேட்டர் எழுதோணும். முதல்ல முணுமுணுத்தார். இப்ப நான் பதவியில இல்ல, தேர்தலும் நடக்காம தனி அலுவலர் பார்த்துக்கறார். ஒன்றியத்துல இருக்கிற எல்லா ஊராட்சிக்கும் அவர் ஒருத்தர், பாவம் எந்த ஊருக்குன்னு ஓடுவார். ஆனா பலகையில எழுதறது நிக்கல. எழுதலைன்னா பொண்ணுங்க ஆபரேட்டரை விட மாட்டாங்க.

குளத்துமேடு தம்பி, உங்க கமிட்டியில கையெழுத்துப் போட ரெண்டு பேர் வேணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. சரிதான். ஆனா அந்த ரெண்டு பேரும் யாருக்கு முன்னால பதில் சொல்லுவாங்கன்னும் சேர்த்து முடிவு பண்ணுங்க. அது இல்லாத ரெண்டாவது கையெழுத்து எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்.

---

களப்பணி

அக்கா, படிச்சதும் எழுந்து நின்னுட்டேன். கிராம சபைன்னா போட்டோ எடுத்துட்டுப் போறதுன்னு நினைக்கிறவங்க இதைப் படிக்கணும்.

---

குளத்துமேடு

தாராபுரத்து அக்கா, இதை எங்க கமிட்டி வாட்ஸப் குழுவுல போடலாமுங்களா?

---

தாராபுரத்தாள்

தாராளமாப் போடுங்க தம்பி.

---

சென்னிமலை நெசவு

கைத்தறிக் கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கா சேர்ந்து மேனேஜரா ரிட்டயர்டு ஆனவன் நான். எங்க ஊர்ல கைத்தறி சங்கங்களை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்து ஐயாவைப் பத்திப் பெரியவங்க சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

நான் வேலை பார்த்த சங்கத்துல ஒரு தலைவர் இருந்தார். பேர் வேண்டாம். அதிகம் படிக்கல, அவரும் தறி ஓட்டினவர்தான். நெய்ஞ்ச போர்வையைக் கொண்டு வந்து போட்டா, எங்க சரக்கு செக்கர் நீளம் அகலம் அளந்து, பூதக்கண்ணாடி வெச்சு ஊடையை எண்ணுவார். குறைஞ்சா கூலியில பிடித்தம், ரொம்ப மோசம்னா துணியைத் திருப்பிருவார். ஒரு நாள் தலைவரோட மச்சான் போர்வை வந்துச்சு. ஊடை குறைச்சல். செக்கர் சின்னப் பையன், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். திருப்பிட்டான். மச்சான் குதிக்கறார், "உன்னை வேலைக்கு வெச்சது யாருன்னு தெரியுமா"ன்னு. தலைவர் உள்ள இருந்து வந்தார். போர்வையை வாங்கி விரிச்சுப் பார்த்தார். பையன்கிட்ட கண்ணாடியைக் கேட்டு வாங்கி அவரே எண்ணினார். "கம்மிதான். எடுத்துட்டுப் போ"ன்னு மச்சான் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்.

அன்னைக்கு அங்க கூலி வாங்க நின்ன நெசவாளிங்க அத்தனை பேரும் பார்த்தாங்க. அதுக்குப் பொறவு அந்தப் பையன் சொன்ன அளவை யாரும் மறுத்துப் பேசினதில்ல. தலைவர் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தா இது நடக்குமா? அந்தப் பையனோட வேலையை அவர் தன் கையில எடுத்துக்கல, அவன் வேலை அவனுதுன்னு நிலைநாட்டினார்.

இப்ப கூட்டுறவுலயும் 2018ல தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களுக்கு 2023ல அஞ்சு வருசம் முடிஞ்சுது, அப்புறம் தனி அலுவலர்தான். அவர்கள்ல நல்லவங்க இருக்காங்க. ஆனா நெசவாளி போய் சண்டை போடறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்களா? தேர்ந்தெடுத்த ஆளோட சட்டையைப் பிடிக்கலாம், ஆபீசர்கிட்ட மனு குடுக்கத்தான் முடியும்.

குளத்துமேடு, உங்க வாத்தியார் கமிட்டி ஆளுங்களை ஏதாச்சும் வேலையைத் தனியா முடிக்க விட்டிருக்காரா? இல்ல எல்லாத்தையும் அவரே பார்த்துக்கிட்டாரா?

---

குளத்துமேடு

உண்மையைச் சொல்றேனுங்க. எல்லாத்தையும் அவரேதான் பார்த்துக்கிட்டார். நாங்க கேட்டா, "உங்களுக்கு எதுக்குச் சிரமம், உங்க தோட்டந்துரவைப் பாருங்க"ன்னு பாசமாச் சொல்லுவார். ஆபீசர்களைப் பார்க்கப் போறப்பக்கூட ஒத்தையாத்தான் போவார். எங்களுக்கும் அது வசதியாப் போச்சு.

---

களப்பணி

நான் கோயம்புத்தூர்ல ஒரு தொண்டு நிறுவனத்துல களப்பணியாளர். முன்னால வேறொரு இடத்துல இருந்தேன், அங்க நடந்ததைச் சொல்றேன்.

நிறுவனர் நிஜமாவே தியாகி. அவர் சம்பளம் எடுத்ததில்ல. அதனாலயே எங்களுக்கும் சம்பளம் கேக்க வாய் வராது. மாசம் பொறந்து பத்துத் தேதி தாண்டித்தான் வரும், அதுவும் முழுசா வராது. கேட்டா "நாம சேவைக்கு வந்திருக்கோம்"பார். கணக்கு எழுத ஆள் போடலை, அவர் தங்கச்சி மகளே பார்த்துக்கிட்டா. நல்ல பொண்ணு, ஆனா அவளுக்கு வவுச்சர் எப்படி எழுதறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. திறமையான ஆளுங்க ஒவ்வொருத்தரா கல்யாணம், வீட்டுக் கடன்னு வந்ததும் கிளம்பிட்டாங்க. கடைசியில அவருக்குப் பொறவு எடுத்து நடத்த அங்க யாரும் மிஞ்சல.

தலைமை மாறும்போது ஆள் இல்லைன்னு எல்லாரும் கவலைப்படறாங்க. ஆளை வெச்சிருக்க என்ன பண்ணினோம்னு யாரும் கேக்கறதில்ல. நன்கொடை தர்றவங்களையும் சொல்லணும். ஹிட்டாச்சி வாடகைக்குன்னா உடனே அனுப்புவாங்க, குளத்துல அவங்க பேர் போட்ட பேனர் கட்டலாம். கணக்கருக்குச் சம்பளம்னா "அது நிர்வாகச் செலவாச்சே"ன்னு முகம் சுளிப்பாங்க. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020ல திருத்தறதுக்கு முன்னால, வெளிநாட்டுப் பணத்துல பாதி வரைக்கும் நிர்வாகச் செலவுக்கு இடம் இருந்துச்சு, இப்ப 20 சதவீதம்தான். வாங்கின பணத்தை இன்னொரு சின்ன சங்கத்துக்குப் பிரிச்சுக் குடுக்கவும் முடியாது. கிராமத்துல இருந்த சின்னச் சின்ன அமைப்புகள் அதுல ரொம்ப அடி வாங்குச்சு.

குளத்துமேடு அண்ணா, மில் ஓனர் வந்தா அவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது பகுதி நேரமாவது ஒரு கணக்கருக்குச் சம்பளம். பேனர் அப்புறம்.

---

நொய்யல்வாசி

களப்பணி சொன்னதை ஏத்துக்கறேன். எங்க கம்பெனியிலயே அக்கவுண்ட்ஸுக்குத் தனி ஆள் இல்லாம ஒரு வாரம் ஓடாது. சங்கத்துக்கு மட்டும் வேண்டாம்னு நினைக்கிறது நியாயமில்ல.

ஆனா ஒரு விசயத்துல நான் மாறல. எல்லா முடிவையும் பத்துப் பேர் கூடித்தான் எடுக்கணும்னா குளம் ரொம்பாது. அணை உடைஞ்சு தண்ணி போறப்ப தீர்மானம் எழுதிட்டு இருக்க முடியுமா? ஒருத்தர் கையில அவசரத்துக்கு முடிவெடுக்கற உரிமை இருக்கணும், ஒரு தொகை வரைக்கும். அதுக்கு மேல கமிட்டி. எங்க டிரஸ்ட்டுல அப்படித்தான் வெச்சிருக்கோம்.

அத்திக்கடவைப் பத்தி ஒண்ணு. அது ஒருத்தர் கொண்டு வந்ததில்லைங்கறது உண்மை. அறுபது வருசத்துக்கு மேல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2016ல அவிநாசியில உண்ணாவிரதம் இருந்தாங்க. 2019ல ஒரு ஆட்சி அடிக்கல் நாட்டுச்சு, 2024ல இன்னொரு ஆட்சி திறந்து வெச்சுது. 1,916 கோடி, 1,045 குளம் குட்டை. போராட்டத்துல நின்னவங்க ஒரு கட்சிக்காரங்களா மட்டும் இருந்திருந்தா ஆட்சி மாறினப்பவே ஊத்தி மூடியிருப்பாங்க. இதை நான் ஒத்துக்கறேன்.

---

சென்னிமலை நெசவு

நொய்யல்வாசி, அந்த "ஒரு தொகை வரைக்கும்" ரொம்ப நல்ல யோசனைங்க. எங்க சங்கத்துலயும் மேனேஜருக்கு இருந்துச்சு.

---

பழைய பி.டி.ஓ.

அத்திக்கடவு பற்றிச் சொன்னது சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1964ல் மத்திய உணவு, வேளாண் அமைச்சரானபோது நாடு கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்தது. அந்தத் துறையை ஏற்கப் பெரிய போட்டி ஒன்றும் இருந்திருக்காது. அவர் வேளாண் விஞ்ஞானி இல்லை, சட்டம் படித்தவர். விதையைப் பற்றி எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டார். துறைச் செயலாளராக சிவராமனை வைத்துக்கொண்டார். நாடாளுமன்றத்திலும் சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு வந்தபோது அதைத் தான் வாங்கிக்கொண்டார், விஞ்ஞானிகள் வேலையைப் பார்த்தார்கள். 1965ல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் வந்தன. 1966ல் மெக்சிகோவில் இருந்து 18,000 டன் விதைக் கோதுமையை இறக்குமதி செய்தார்கள்.

1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றார். 1968ல் அதுவரை காணாத கோதுமை விளைச்சல் வந்து, "கோதுமைப் புரட்சி" என்று தபால்தலை வெளியிட்டார்கள். அப்போது அவர் அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை. வேலை நிற்கவில்லை, ஏனென்றால் விதை விவசாயியிடம் போயிருந்தது, விலையைப் பரிந்துரைக்க ஒரு குழு இருந்தது, கொள்முதல் செய்ய ஒரு கழகம் இருந்தது.

நாமக்கல்லில் ஆட்சியராக இருந்த சகாயம் 2009ல் தன் சொத்து விவரத்தை இணையத்தில் வெளியிட்டார். ஈரோட்டு ஆட்சியர் ஒருவர் 2011ல் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். இரண்டையும் நான் மனதார மதிக்கிறேன், கீழே வேலை செய்பவர்களுக்கு அது ஒரு தெம்பு. ஆனால் அவை அந்த மனிதர்களின் மனசாட்சி எடுத்த முடிவுகள். அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவரைக் கட்டுப்படுத்தாது. நேர்மையான அதிகாரி மாறிப் போகும்போது ஊரே அழுவதைப் பார்த்திருக்கிறேன். அழ வேண்டிய தேவையே வராதபடி ஒன்றிரண்டு வேலைகளையாவது பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் வராது.

உங்கள் வாத்தியார் விஷயத்திலும் அவருடைய தியாகத்தைக் குறைத்துப் பேச வேண்டாம். அவர் தொடங்காவிட்டால் இன்று நாம் பேச ஒரு சங்கமே இல்லை.

---

ஈரோடு தணிக்கை

நான் ஆடிட்டர். பெரிய பேச்சு எல்லாம் மேலே பெரியவங்க பேசிட்டாங்க. நான் தாள் வேலையை மட்டும் சொல்றேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல பதிவானதுன்னா, நிர்வாகக் குழுவோட காலம் மூணு வருசத்துக்கு மேல போகக் கூடாது. மறுக்கா தேர்ந்தெடுக்கலாம், ஆனா தேர்ந்தெடுக்கணும். உங்க பைலாவை (சங்க விதிமுறையை) திறந்து கடைசியா எப்ப தேர்தல் நடந்துதுன்னு பாருங்க. பல சங்கத்துல தீர்மானப் புத்தகத்துல "ஏகமனதாக" ஒரு வரி மட்டும் இருக்கும், கூட்டமே நடந்திருக்காது. குழுவுல ஆள் மாறினா படிவம் 7ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல தாக்கல் பண்ணணும். இது பாக்கி இருந்தா பேங்க் உங்களை உள்ளேயே விடாது.

மகன் விசயம்: டிரஸ்ட் பத்திரம்னா வாரிசு எழுதி வைக்க இடம் உண்டு. உங்களுது சங்கம். அப்பா செயலாளரா இருந்தாருங்கறதால மகனுக்கு எந்த உரிமையும் கிடையாது. உறுப்பினரா சேர்ந்து, பொதுக்குழு ஓட்டுப் போட்டா வரலாம். வந்தா நல்லதுதான்.

கையெழுத்து: தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேர்ல எந்த ரெண்டு பேர் போட்டாலும் செல்லும்னு தீர்மானம் போடுங்க. ரெண்டு பேர்னு குறிச்சு அந்த ரெண்டு பேரையே கட்டாயம் ஆக்கினா தாராபுரத்து அக்காவுக்கு நடந்தது நடக்கும். மூணுல ரெண்டுன்னா ஒருத்தர் படுத்தாலும் முறைச்சுக்கிட்டாலும் வேலை ஓடும். ஒரே வீட்டுக்காரங்க ரெண்டு பேர் அந்த மூணுக்குள்ள இருக்கக் கூடாது. ஆன்லைன் பேங்கிங்ல ஒருத்தர் பதிஞ்சா இன்னொருத்தர் அனுமதிக்கிற மாதிரி வெச்சுக்கலாம். ஓ.டி.பி. போற நம்பர் சங்கத்துப் பேர்ல எடுத்த சிம்மா இருக்கட்டும்.

மில் ஓனர் தன் கம்பெனியோட சி.எஸ்.ஆர். பணத்தை (கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற பணம்) தர்றதா இருந்தா வருமான வரித் துறையோட 12ஏ, 80ஜி பதிவு, சி.எஸ்.ஆர்-1 பதிவு எல்லாம் வேணும். இன்னொண்ணையும் கவனிங்க: பணம் தர்றவரே செலவுக்குக் கையெழுத்துப் போடறவராவும் இருந்தா நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும். அவரை ஆலோசகரா வையுங்க.

---

குளத்துமேடு

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து செயற்குழு கூடினோம். நடந்ததைச் சொல்லிடறேன்.

தாராபுரத்து அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் தலைவர் (பேருக்குத்தான் இருந்தார்னு இதுவரைக்கும் எல்லாரும் நினைச்சது) பைலாவை எடுத்துட்டு வரச் சொன்னார். தேர்தல் நடக்க வேண்டிய காலம் எப்பவோ தாண்டிப் போச்சு. பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் குடுக்கறதுன்னு முடிவாச்சு. அதுவரைக்கும் மூணுல ரெண்டு கையெழுத்துன்னு தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அவசரச் செலவுக்குப் பொருளாளர் தானே முடிவெடுக்க ஒரு வரம்பு, அந்தச் செலவோட பில்லு ஒரு வாரத்துக்குள்ள குழுவுல வந்துடணும்.

வாத்தியார் வீட்டுக்கும் போனோம். மகன் முன்னாலயே சொல்லிட்டார், "எனக்கு பெங்களூர்ல வேலை, நான் உறுப்பினரா சேர்றேன், அதுக்கு மேல வேண்டாம்"னு. வாத்தியாரைப் பார்த்து விசயத்தைச் சொன்னப்ப இடது கையால போனை எடுத்து நீட்டினார். நம்பரை விரலால ஒவ்வொண்ணாக் காட்டினார். நன்கொடையாளர் பட்டியல், எந்தக் குளம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், எது நீர்வளத் துறைக்குச் சொந்தம், அங்கங்க யாரைப் பார்க்கணும்னு எல்லாம் தேதியோட குறிச்சு வெச்சிருக்கார். ஒரு நோட்டுல நகல் எடுக்க ஆரம்பிச்சிருக்கோம்.

மில் ஓனர்கிட்ட களப்பணி தம்பி சொன்னதைக் கேட்டோம். கணக்கர் சம்பளம் ஒரு வருசத்துக்குத் தர்றேன்னார். தலைவர் பதவி வேணுமான்னு கேட்டதுக்கு, "குளத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உங்க கூட்டத்துக்கு வந்து உக்கார்றேன்"னார்.

இப்ப ஒரு சிக்கல். வங்கியில, செயலாளரோட கையெழுத்து இல்லாம கையெழுத்துக்காரங்களை மாத்த முடியுமான்னு யோசிக்கறாங்க. ஆடிட்டர் சார், என்ன பண்றது?

---

ஈரோடு தணிக்கை

கூட்டத் தீர்மானத்தோட நகலைத் தலைவர் சான்று பண்ணிக் குடுக்கட்டும். கூடவே பைலா, பதிவுச் சான்று, ஏற்கெனவே தாக்கல் பண்ணின படிவம் 7, செயலாளருக்கு உடம்பு முடியலைன்னு டாக்டர் சர்ட்டிபிகேட். புது ஆளுங்களோட ஆதார், பான். வங்கிக்கு வங்கி கேக்கற தாள் மாறும், அதனால மேனேஜர்கிட்ட என்னென்ன வேணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. எக்காரணம் கொண்டும் வாத்தியாரோட கைநாட்டை வெத்துச் செக்குல வாங்கி வெச்சுக்காதீங்க.

---

தாராபுரத்தாள்

தம்பி, உங்க சங்கத்து உறுப்பினர்ல பொம்பளைங்க எத்தனை பேர்? குளத்துல துவைக்கறதும் ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டறதும் அவங்கதான். பொதுக்குழு நோட்டீஸ் அவங்க கைக்குப் போகுதா?

---

குளத்துமேடு

செயற்குழுவுல யாரும் இல்லீங்க அக்கா. உறுப்பினர் பட்டியல்ல கொஞ்சம் பேர் இருக்காங்க, ஆனா கூட்டத்துக்கு வீட்டு ஆம்பளைங்கதான் வர்றாங்க. மகளிர் குழுத் தலைவிங்க மூணு பேர்கிட்ட நாளைக்குக் காலையில பேசறேன். நோட்டீஸை அவங்க அவங்க பேர்லயே அடிக்கச் சொல்லிட்டேன். கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துல வெக்கறோம், சாயங்காலம் வேண்டாம், அது பால் கறக்கற நேரம். காலையில பத்தரைக்கு மாத்திட்டோம்.